வண்டி வாசலில் அடிக்கடி விபத்தா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஒரே வாசலில் திரும்பத் திரும்ப விபத்து நடந்தால் "ஓட்டுறவங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்ற தீர்ப்பு முதலில் வரும். "வேகத்தடை போடுங்க" என்ற கோரிக்கை அடுத்து வரும். இரண்டும் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நாட்களில், ஒரே இடத்தில், ஒரே விதமாக இடிபடுகிறார்கள் என்றால் கோளாறு அந்த இடத்தின் அமைப்பில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டேப், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் பொறுமை போதும்.

வாசல் என்று இங்கே நான் சொல்வது வீடு, கடை, பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் பங்க் என எந்த வளாகத்திலிருந்தும் வண்டி சாலைக்கு ஏறி இறங்கும் இடத்தை. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

வாசலுக்கு எதிர்ப்புறம் ஓரமாக நின்று, கூட்டமான ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். காவல்துறைப் பதிவில் பெரும்பாலும் ஏறுவது ஆள் அடிபட்ட விபத்துகள்தான். பம்பர் உரசியது, சடன் பிரேக் போட்டது, ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது எதுவும் அதில் இருக்காது. கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு அதெல்லாம் தெரியும். உள்ளே போகும்போது இடிபடுகிறார்களா, வெளியே வரும்போதா, எந்தப் பக்க வண்டி, வெளிச்சத்திலா இருட்டிலா என்று அவரிடம் கேட்டால் பாதிக் கதை கிடைத்துவிடும்.

அடுத்து தரையைப் படியுங்கள். வாசலுக்குச் சற்று முன்பே, ஓடும் லேனில் கருப்பு டயர்க் கோடுகள் இருந்தால், உள்ளே திரும்பியவருக்குப் பின்னால் வந்தவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். சிவப்பு பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் டெயில் லேம்ப் உடைந்திருக்கிறது, அதாவது பின்பக்க மோதல். வாசலுக்கு நேர் எதிரே கண்ணாடித் தூளும் ஆரஞ்சுச் சில்லும் கலந்து கிடந்தால் பக்கவாட்டு மோதலைச் சந்தேகிக்கலாம். ஓரக்கல்லின் மூலையில் டயர் ஏறிய கறை இருந்தால் திரும்பும் வளைவு போதவில்லை. சாய்தளத்தில் நீளவாக்கில் வெள்ளைக் கீறல் இருந்தால் வண்டியின் அடிப்பாகம் உரசுகிறது. மீடியன் என்கிற நடுத்தடுப்பில் உள்ள செடிகள் ஒரே இடத்தில் மிதிபட்டிருந்தால், நீங்கள் மூடிவிட்டதாக நினைத்த வழி இன்னும் திறந்திருக்கிறது.

ஒரு கணக்கையும் இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இருவழிச் சாலையில் எல்லாத் திசையிலும் ஏற இறங்க அனுமதிக்கும் ஒரு வாசல் 9 மோதல் புள்ளிகளை உண்டாக்குகிறது: 3 இடத்தில் பாதைகள் குறுக்கிடும், 3 இடத்தில் சேரும், 3 இடத்தில் பிரியும். வலப்பக்கம் திரும்பி வெளியேறுவதை மட்டும் தடுத்தால் அது 5 ஆகும். மீடியனைத் தொடர்ச்சியாக வைத்து, இடப்பக்கம் நுழைவு, இடப்பக்கம் வெளியேற்றம் என்று ஆக்கினால் 2. நான்கு சாலை கூடும் ஒரு சந்திப்பில் 32. கீழே வரும் தீர்வுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணைக் குறைக்கிற வேலை, அல்லது மிஞ்சியவற்றை ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கிற வேலை.

அறிகுறி: உள்ளே திரும்பும் வண்டியைப் பின்னால் வந்தவர் இடிக்கிறார்

வாசல் விபத்துகளில் நான் அதிகம் பார்ப்பது இது. காரணம் ஒன்றாக இருக்காது. கீழே சொல்லும் வரிசையிலேயே சோதியுங்கள்.

முதலில், திரும்புகிறவர் எந்த வேகத்தில் உள்ளே நுழைகிறார் என்று பாருங்கள். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம் இருக்கிறது, வாசலில் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து நுழைகிறார்கள் என்றால் அந்த வேக வித்தியாசம்தான் மோதலுக்கு முதல் காரணம். ஏன் ஊர்கிறார்கள்? ஓரக்கல்லின் வளைவு மிகச் சிறியதாக இருக்கலாம். வாசல் அகலம் போதாமல், உள்ளிருந்து ஒரு வண்டி வரும்போது வெளியே இருப்பவர் சாலையிலேயே நின்று வழிவிடலாம். அல்லது ஏற்றம் செங்குத்தாக இருந்து அடி உரசும் என்று பயப்படலாம். மூன்றையும் டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். இருவழிப் போக்குவரத்துள்ள வாசலில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசாமல் கடக்க 6 மீட்டராவது வேண்டும். அதற்காக 15 மீட்டர் திறந்து போட்டாலும் ஆபத்துதான். யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது, நடைபாதையில் போகிறவர் அத்தனை நீளத்துக்கும் பாதுகாப்பில்லாமல் நடக்க வேண்டும். கடை முகப்பு முழுவதையும் வாசலாக்கி வைத்திருக்கும் இடங்களில் முதல் வேலையே ஓரக்கல் போட்டு வாயை ஒடுக்குவதுதான்.

அகலமும் வளைவும் சரியாக இருந்தால், உள்ளே போய் முதல் தடங்கல் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டோக்கன் கொடுக்கும் கூண்டு, பூட்டிய கேட், சாலையை ஒட்டியே தொடங்கும் பார்க்கிங் கட்டங்கள், உள்பாதை பிரியும் இடம், எல்லாமே தடங்கல்தான். சாலை விளிம்பிலிருந்து அதுவரை இருக்கும் நீளத்தை வாசலின் தொண்டை என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் ஒரு காருக்கு, இடைவெளியும் சேர்த்து, சுமார் 7.5 மீட்டர் கணக்கு. தொண்டை 10 மீட்டர் என்றால் ஒரு கார் உள்ளே நிற்கும். இரண்டாவதன் வால் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது ஓடும் லேனிலேயே நிற்கும். பள்ளி விடும் நேரத்திலும் கல்யாண மண்டபத்தின் மாலை நேரத்திலும் நடப்பது இதுதான். சாலையில் ஒரு பைசா வேலையும் செய்யாமல் இதைச் சரிசெய்யலாம்: கூண்டை உள்ளே தள்ளுங்கள், முதல் சில பார்க்கிங் கட்டங்களை எடுத்துவிடுங்கள், கூட்ட நேரத்தில் கேட்டைத் திறந்தே வையுங்கள். கேட் உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். அங்கே வரக்கூடிய மிக நீளமான வண்டி கேட்டுக்கு வெளியே, சாலைக்கும் நடைபாதைக்கும் இடைஞ்சலில்லாமல் முழுசாக நிற்கும் அளவுக்குக் கேட் பின்வாங்கி இருக்க வேண்டும். கார் மட்டும் வரும் இடம் என்றால் 6 மீட்டர். லாரி வரும் இடத்தில் அந்த லாரியை அளந்துவிட்டுப் பேசுங்கள்.

தொண்டையும் சரி என்றால், மோதல் எந்தத் திருப்பத்தில் நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எதிர்ப்புறத்திலிருந்து வலப்பக்கம் திரும்பி உள்ளே வர விரும்புகிறவர், எதிர் ஓட்டத்தில் இடைவெளி கிடைக்கும்வரை நடுச்சாலையில் நின்றாக வேண்டும். அவருக்கென்று தனி லேன் இல்லையென்றால், வேகமாக வரும் லேனில் நிற்கும் ஒரு வண்டி அவர். பின்னால் வருகிறவர் அவரைத் தவிர்க்க இடப்பக்கம் ஒடித்து, அங்கே வரும் மோட்டார் சைக்கிளின் மேல் ஏறலாம். இதற்கு வலத்திருப்ப லேன் ஒதுக்குவது ஒரு வழி. அகலம் இல்லையென்றால் வலத்திருப்பத்தையே மூடிவிட்டு, மேலே போய் யூ-டர்ன் எடுத்து வரச் சொல்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குறுக்குத் திருப்பத்தைத் தடுத்து மீடியன் யூ-டர்னுக்கு அனுப்பும் ஏற்பாடு 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. சுற்று என்று தோன்றும். ஆனால் இடைவெளிக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் கூட்ட நேரத்தில் பல சமயம் அதுவே சீக்கிரம்.

இவை எதுவும் இல்லாமல், இருட்டில் மட்டும் இந்த மோதல் நடக்கிறதா? அப்படியானால் திரும்புகிறவருக்கே வாசல் கடைசி நொடியில்தான் தெரிகிறது. ஓரக்கல்லின் இரு முனைக்கும் வெள்ளைப் பூச்சும், ஒளி திருப்பும் குச்சியும் வையுங்கள். வாசலில் ஒரு விளக்கு, கண்ணைக் கூசாமல் கீழ்நோக்கி.

அறிகுறி: வெளியே வரும் வண்டியைப் பக்கவாட்டில் இடிக்கிறார்கள்

இங்கே சந்தேகப்பட வேண்டியது பார்வை. "நான் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அவர் பார்த்தபோது அந்த வண்டி பார்வைக்குள் வந்திருக்கவில்லை.

சோதனை இப்படி. வெளியே போகத் தயாராக நிற்கும் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். கண் சாலை விளிம்பிலிருந்து சுமார் 4.4 மீட்டர் பின்னால் இருக்கட்டும். அமெரிக்க வடிவமைப்புக் கையேடு எடுத்துக்கொள்ளும் தூரம் அது. அதே கையேட்டில் கார் ஓட்டுநரின் கண் உயரம் 1.08 மீட்டர். நின்றுகொண்டு பார்த்துவிட்டு "எல்லாம் தெரியுதே" என்று சொல்லாதீர்கள். நிற்பவர் கண்ணுக்கு வேலிக்கு மேலே தெரிவது காரில் இருப்பவருக்குத் தெரியாது.

இனி ஸ்டாப்வாட்ச். தூரத்தில் வண்டி முதலில் கண்ணில் பட்ட நொடியில் அழுத்துங்கள், உங்கள் முன்னால் கடக்கும்போது நிறுத்துங்கள். வேகமாக வருகிறவர்களைப் பார்த்துப் பல முறை எடுங்கள். நின்ற இடத்திலிருந்து வலப்பக்கம் திரும்பி வெளியேற ஒரு காருக்கு 7.5 நொடி இடைவெளி வேண்டும். இடப்பக்கம் திரும்ப 6.5 நொடி. வலத்திருப்பத்துக்குச் சிறு லாரிக்கு 9.5, டிரெய்லருக்கு 11.5. கடக்க வேண்டிய லேன் ஒன்று கூடினால் காருக்கு அரை நொடி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் வந்த எண் 4 நொடி, 5 நொடி என்று இருந்தால் விபத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 7.5 நொடி என்பது 125 மீட்டர். சாலையில் வருகிறவருக்கும் நிற்கத் தூரம் வேண்டும்: அந்த வேகத்தில் சுதாரிக்க 2.5 நொடியும் பிரேக் பிடிக்கும் தூரமும் சேர்த்து 85 மீட்டர், 80 கிலோமீட்டர் வேகத்தில் 130 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தூரம் பாதிக்கு மேல் கூடுகிறது.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம், வேக வரம்புப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அது கண்டுகொள்ளாது. உண்மையில் ஓடும் வேகம் நொடியிலேயே வந்துவிடும்.

மறைப்பது எது என்று பாருங்கள். தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பதுதான் எதிரி: வேலிச்செடி, மதில், பெயர்ப்பலகை, மின்பெட்டி, வாசலை ஒட்டி நிறுத்திய வேன். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் குற்றவாளி. பகலில் சோதித்துவிட்டு "பார்வை நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். மாலையில் அதே இடத்தில் வரிசையாக வண்டி நிற்கும். வாசலின் இரு பக்கமும், முக்கியமாக வலப்பக்கம், வண்டி நிறுத்த முடியாதபடி ஓரக்கல்லை நீட்டி விடுங்கள். வெறும் மஞ்சள் கோடு போட்டால் அதன் மேலேயே நிறுத்துவார்கள்.

வாசல் சாலைக்குச் சாய்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள். செங்கோணமே நல்லது. 60 பாகைக்குக் கீழே போனால் ஒரு பக்கத்தைத் தோளுக்குப் பின்னால் திரும்பித்தான் பார்க்க முடியும். கழுத்து வலி உள்ளவர்களும் வயதானவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை.

குவி கண்ணாடி வைக்கலாமா என்று கேட்பார்கள். அதில் வண்டி சிறிதாகவும் தூரமாகவும் தெரியும், வேகத்தைக் கணிக்க முடியாது, மழையிலும் பனியிலும் மங்கிவிடும். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், எடுக்கலாமா என்று முடிவு செய்ய அதை நம்பக்கூடாது. மதிலை உடைக்கவோ வாசலை நகர்த்தவோ வழியே இல்லாத இடத்தில் மட்டும் வையுங்கள். வளைவுக்குள்ளோ மேட்டுக்கு அப்பாலோ வாசல் இருந்து, எதைச் செய்தும் நொடி தேறவில்லை என்றால் வலப்பக்கம் வெளியேறுவதை மூடிவிடுவதுதான் நேர்மையான தீர்வு.

அறிகுறி: நெரிசலில் ஒருவர் வழிவிட்டார், அடுத்த லேனில் வந்தவர் இடித்தார்

ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன். வாசல் முன்னால் வரிசை நிற்கிறது. நல்ல மனசுள்ள பஸ் ஓட்டுநர் ஒருவர் நின்று, வலப்பக்கம் திரும்புகிறவரைப் "போ" என்று கையசைக்கிறார். பஸ்ஸின் மறுபக்கம் காலியான லேனில் மோட்டார் சைக்கிள் வருகிறது. திரும்புகிறவருக்கு மோட்டார் சைக்கிள் தெரியாது, மோட்டார் சைக்கிள்காரருக்குப் பஸ்ஸைத் தாண்டி எதுவும் தெரியாது. கையசைத்தவருக்கும் தன் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது.

யாரும் விதியை மீற வேண்டிய அவசியமே இல்லாமல் நடக்கும் விபத்து இது. அதனால் எச்சரிக்கைப் பலகையால் பயனில்லை. சிக்னல் வரிசை வாசலைத் தாண்டி நீளும் நேரங்களில் மட்டும் நடக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆம் என்றால் அங்கே வலத்திருப்பம் இருக்கக்கூடாது. சாலையில் "இங்கே நிற்காதே" என்று மஞ்சள் கட்டம் வரைந்து வழிவிடுவதை முறைப்படுத்தலாம் என்று சிலர் யோசிப்பார்கள். ஒற்றை லேனில் அது உதவும். பல லேன் சாலையில் அதே கண்ணியை இன்னும் அழகாக வரைந்து வைப்பதுதான்.

அறிகுறி: "இண்டிகேட்டர் போட்டிருந்தான், திரும்பலை"

உங்கள் வாசலுக்குள் வரப்போகிறார் என்று நினைத்து வெளியே எடுத்தவரை, நேராக வந்து இடித்திருப்பார். விசாரித்தால் அவர் அடுத்த வாசலுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டவராக இருப்பார். இரண்டு வாசல்கள் இடையே 10, 15 மீட்டர் மட்டும் இருந்தால் இது நடந்தே தீரும். அண்டை வளாகத்தோடு பேசி இரண்டையும் எல்லைக்கோட்டில் ஒரே வாசலாக்கிக்கொள்வதுதான் மருந்து. முடியாவிட்டால் ஒன்றை நுழைவுக்கு மட்டும், மற்றதை வெளியேற மட்டும் என்று ஆக்கலாம். அப்போது ஓட்டத்தின் திசையில் முதலில் வருவது நுழைவாயிலாக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால், வெளியே வருகிறவரும் உள்ளே போகிறவரும் அதே சில மீட்டரில் ஒருவரை ஒருவர் பின்னிக்கொள்வார்கள்.

எதிரெதிர்ப் பக்க வாசல்கள் கொஞ்சம் விலகி இருந்தாலும் இதே குடும்பத்துத் தொல்லை வரும். நேருக்கு நேர் வையுங்கள், அல்லது நன்றாக விலக்குங்கள். வலப்பக்கம் திரும்ப நிற்கும் இருவர் நடுச்சாலையில் ஒருவர் முன்னால் ஒருவர் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் அளவு விலகல்தான் எல்லாவற்றிலும் மோசம்.

அறிகுறி: சிக்னலுக்கு அருகே உள்ள வாசலில் எல்லா வகை மோதலும்

முனைக்கடைக்கு மதிப்பு அதிகம், முனை வாசலுக்கு ஆபத்தும் அதிகம். சந்திப்பு என்பது கோடு போட்ட சதுரத்தோடு முடிவதில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துச் சுதாரிக்கும் தூரம், வேகம் குறைக்கும் தூரம், வரிசை நிற்கும் தூரம் மூன்றும் சேர்ந்ததுதான் அதன் உண்மையான எல்லை. 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள்: சுதாரிக்க 42 மீட்டர், நிற்க 41 மீட்டர், ஆறு கார் வரிசைக்கு 45 மீட்டர். மொத்தம் 128. மெதுவாக, பதறாமல் பிரேக் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதல். முனையிலிருந்து 20 மீட்டரில் இருக்கும் வாசல் இந்த எல்லைக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. லேன் மாறுவதிலும் சிக்னலைப் பார்ப்பதிலும் மும்முரமாக இருக்கும் ஓட்டுநரிடம் வாசலையும் கவனி என்று கேட்கிறோம்.

சந்திப்பைத் தாண்டிய பக்கம் இன்னொரு சிக்கல். பச்சை விழுந்து வேகமெடுக்கும்போது முன்னால் போகிறவர் உடனே வாசலுக்காகப் பிரேக் போட்டால் வரிசை சந்திப்புக்குள்ளேயே தேங்கும்.

வாசலை மனையின் தூரத்து மூலைக்கு நகர்த்துங்கள். பக்கச் சாலையில் இடம் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். இரண்டு சாலையிலும் வாசல் வைத்தால், சிக்னலைத் தவிர்க்க வளாகத்துக்குள் புகுந்து போவார்கள், அதையும் யோசியுங்கள். எதுவும் முடியாவிட்டால் இடப்பக்கம் மட்டும்.

அறிகுறி: நடப்பவரும் சைக்கிள்காரரும் அடிபடுகிறார்கள்

இடப்பக்கம் திரும்பி வெளியேறப் போகிறவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நின்று பாருங்கள். வலப்பக்கம்தான், வண்டிகள் வரும் பக்கம். கால் பிரேக்கிலிருந்து எழும் நொடியிலும் தலை அங்கேயே இருக்கும். இடப்பக்கத்திலிருந்து நடைபாதையில் வருகிறவர், எதிர்த்திசையில் வரும் சைக்கிள்காரர் இருவரும் அவர் உலகத்திலேயே இல்லை.

பின்லாந்தின் 4 நகரங்களில் நடந்த 188 சைக்கிள்-கார் மோதல்களை ஆராய்ந்து ராசனென், சும்மாலா ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. அங்கே வலப்பக்கம் ஓட்டுவார்கள். வலப்பக்கம் திரும்பும் கார், அதே வலப்பக்கத்திலிருந்து சைக்கிள் பாதையில் வருபவரை மோதிய விபத்துகளில், மோதும் முன் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 விழுக்காடு மட்டுமே. சைக்கிள்காரர்களில் 68 விழுக்காட்டினர் காரைப் பார்த்திருந்தார்கள், பார்த்தவர்களில் 92 விழுக்காட்டினர் அது வழிவிடும் என்று நம்பியிருந்தார்கள். "பார்த்துப் போங்கள்" என்று சைக்கிள்காரருக்குச் சொல்லும் அறிவுரை எவ்வளவு பொருந்தாதது என்று இதிலிருந்து தெரியும். அவர் பார்த்துத்தான் வந்தார்.

ஆகவே வாசலைப் பார்த்துத் திருத்த வேண்டும். நடைபாதை அதே மட்டத்தில், அதே கல்லில், வாசலைக் கடந்து தொடர்ந்து ஓடட்டும். கார் ஏறி இறங்கட்டும், ஆள் ஏறி இறங்க வேண்டாம். பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது: நடைபாதை ஒவ்வொரு வாசலிலும் சரிந்து விழுந்து எழுகிறது. சக்கர நாற்காலிக்காரர் அந்தச் சரிவில் சாலைப் பக்கம் இழுபடுவார். நடக்கும் பட்டையின் குறுக்குச் சாய்வு 2 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதில் முடியும் மூலையில் நடப்பவர் திடீரென்று முளைக்காதிருக்க, ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரநிலை 2890.1 ஒரு முக்கோணத்தைத் திறந்து வைக்கச் சொல்கிறது: மனை எல்லையில் 2 மீட்டர், வாசலின் உள்நோக்கி 2.5 மீட்டர். இருக்கும் மதிலை அந்த முக்கோணத்துக்குள் மட்டும் உயரம் குறைத்தாலே போதும்.

முன்பு ஓரக்கல்லின் வளைவு சிறியதாக இருப்பதைக் குறையாகச் சொன்னது இங்கே மோதும். வளைவைப் பெரிதாக்கினால் கார் நடைபாதைக்குக் குறுக்கே வேகமாகப் பாயும். வேகமான நெடுஞ்சாலையில், ஆட்கள் குறைவாக நடக்கும் இடத்தில் பெரிய வளைவு. கடைத்தெருவிலும் பள்ளிப் பக்கத்திலும் சிறிய வளைவு, கூடவே சாலையின் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே வாசலில் சமாதானப்படுத்த முடியாது. எந்தச் சாலை எந்த வேலைக்கு என்று முடிவெடுக்காமல் வாசலை வடிவமைப்பதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

வீட்டு வாசல்களில் ரிவர்ஸ் எடுத்து வெளியே வருவதை முடிந்த மட்டும் ஒழித்துவிடுங்கள். காருக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் சிறு குழந்தை கண்ணாடியில் தெரியாது. உள்ளே போகும்போது ரிவர்ஸில் போட்டு, வெளியே வரும்போது முகம் பார்த்து வரலாம். இடம் இருந்தால் உள்ளேயே திருப்பிக்கொள்ள ஒரு ஒதுக்கம் விடலாம்.

அறிகுறி: அடி உரசுகிறது, தண்ணீர் தேங்குகிறது, சரளை சிதறுகிறது

சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் நீளமுள்ள காரை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளமும் 20 விழுக்காட்டு இறக்கமும் சந்திக்கும் மேட்டுமுனையின் நடுவே அது வரும்போது, முனை கார் அடிவயிற்றை நோக்கி 13 சென்டிமீட்டர் எழும்பி நிற்கும். தரை இடைவெளி 15 என்றால் காலி வண்டி தப்பும், ஐந்து பேர் ஏறினால் உரசும். பள்ளமுனையில் இன்னும் மோசம். முன்சக்கரத்துக்கு முன்னால் 90 சென்டிமீட்டர் நீளும் மூக்குக்கு எதிரே அதே 20 விழுக்காட்டு ஏற்றம் 18 சென்டிமீட்டர் உயர்ந்து வரும். சரிவு மாற்றத்தை 10 விழுக்காட்டுக்குள் வைத்து, மிச்சத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துவிட்டால் யாரும் சாலையில் நின்று யோசிக்க மாட்டார்கள். இது கார்க்காரரின் வசதிப் பிரச்சினை போலத் தோன்றும். மேலே சொன்ன பின்பக்க மோதலுக்கு இது நேரடிக் காரணம் என்பதால்தான் இங்கே வருகிறது.

மண் வாசலிலிருந்து சரளை சாலைக்கு வந்தால் இருசக்கர வண்டி சறுக்கும். சாலையை ஒட்டிய சில மீட்டருக்காவது தார் அல்லது கான்கிரீட் போடுங்கள். வளாகத்துத் தண்ணீரைச் சாலையில் விடாமல் வாசலுக்குக் குறுக்கே கம்பிமூடி வடிகால் வையுங்கள். வேகமான சாலையில் ஓடைக்கு மேல் போட்ட கல்வெர்ட்டின் செங்குத்துச் சுவர், சாலையை விட்டு இறங்கிய வண்டியை அப்படியே நிறுத்திவிடும். ஓட்டத்தை நோக்கிய பக்கத்தை ஆறுக்கு ஒன்று என்ற சாய்வில் படுக்க வையுங்கள்.

அறிகுறி: மீடியன் போட்டாயிற்று, இப்போது எதிர்த்திசையில் வருகிறார்கள்

யூ-டர்ன் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். வாசலிலிருந்து வெளியேறி வலப்பக்கம் போக வேண்டியவர் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால், இருசக்கர வண்டிக்காரர் சாலை ஓரமாக எதிர்த்திசையில் வருவார். ஆள் போட்டுப் பிடித்தால் ஆள் இருக்கும் வரை நிற்கும். பக்கத்தில், காத்திருக்கத் தனி லேனோடு யூ-டர்ன் கொடுங்கள், அல்லது வளாகங்களுக்குப் பின்னாலோ முன்னாலோ சர்வீஸ் ரோடு இணைத்து அடுத்த சந்திப்புக்கு வழி விடுங்கள். மூடுகிற கை மாற்று வழியையும் திறக்க வேண்டும். இதை மறந்து மீடியனை மட்டும் போட்டுவிட்டு மக்களைத் திட்டுகிற பழக்கம் என் தொழிலில் ஏராளம்.

அறிகுறி: ஒரு வாசலில் இல்லை, சாலை நீளம் முழுக்கச் சில்லறை விபத்துகள்

இது வாசல் எண்ணிக்கையின் நோய். அமெரிக்க ஆய்வுகளிலிருந்து நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கணக்கு ஒன்று: மைலுக்கு 10 இணைப்புகள் (வாசலும் பக்கத்தெருவும் சேர்த்து) இருக்கும் சாலையை விட 20 இருக்கும் சாலையில் விபத்து விகிதம் சுமார் 40 விழுக்காடு கூடுதல், 60 இருந்தால் மும்மடங்கு. கிலோமீட்டருக்குச் சொன்னால் 6, 12, 37. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வாசலும் ஒழுங்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து ஓட்டுநருக்கு மூச்சுவிட நேரம் தராது.

இதை வளாக உரிமையாளரால் சரிசெய்ய முடியாது, சாலையை ஆளுகிறவர் செய்ய வேண்டும். கொலராடோ மாநிலம் 1981-இலேயே சாலை இணைப்புகளுக்கென்று தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2003-இல் முழுக் கையேடு வெளியிட்டு 2014-இல் புதுப்பித்தது. அடிப்படை எளிது: வேகமாக ஓடவேண்டிய சாலையில் வாசல் குறைவு, தெருவில் வாசல் தாராளம். இரண்டையும் ஒரே சாலையில் வேண்டும் என்றால் இரண்டும் கெடும்.

ஏற்கெனவே நிரம்பிப்போன சாலையில், கட்டடம் இடிபடும்போதும், பயன்பாடு மாறும்போதும், சாலை அகலப்படும்போதும் ஒவ்வொன்றாக மூட வேண்டும். ஒரு மனைக்கு ஒரு வாசல், அண்டை மனைகளுக்கு உள்வழி இணைப்பு என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். தேடி வரும் வாடிக்கையாளருக்குச் சுற்று பெரிதில்லை. போகிற போக்கில் நுழைகிற தொழிலான பெட்ரோல் பங்க் போன்றவற்றின் கவலைதான் நியாயமானது, அவர்களோடு முதலில் பேசுங்கள்.

திருத்திய பிறகு

சில வாரம் கழித்து அதே நேரத்தில், அதே எதிர்ப்புறத்தில் மறுபடி நில்லுங்கள். அடுத்த வாசல் முன்னாலும், புதிய யூ-டர்னிலும் தரையைப் பாருங்கள். உங்கள் வாசலில் தேய்ந்துபோன கருப்புக் கோடு அங்கே புதிதாக விழுந்திருந்தால், மோதல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்த இடத்துக்கு மேலே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.